ஆயுதத்தின் மறுமுனை

முதலமடை, தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் எல்லையோர ஊர். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் பாதையில், மலையடிவாரத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே அமைந்தது. ஒருவருடைய சாமர்த்தியத்தை வியக்கும்போது தமிழர், ‘ஆள் சரியான எம்டன்’ என்பார். மலையாளம் பேசுபவர், மிகப் பெரிய ஒன்றைக் கண்டால் ‘எமண்டன்’ என்பார். இரண்டு சொற்களுக்கும் பிறப்பிடம் ஒன்றே என்று கூறுவர். அது எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல்.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டுமாரி பொழிந்தது. தொட்டிகள் எரிந்தன, சிலர் உயிரிழந்தனர். நகரம் நடுங்கியது. கப்பல் மறைந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதுவும் அழிந்தது. ஆனால் அதன் பெயர் நம் நாவில் பாராட்டுச் சொல்லாகத் தங்கிவிட்டது. கப்பலின் பெயரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்கும் நாம், அன்றிரவு மாண்டவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கவில்லை.

மனித மனத்தின் ஓர் இயல்பை இது காட்டுகிறது. வலிமையைக் கண்டால் மனம் வியக்கிறது. அந்த வலிமை யார் மீது விழுந்தது என்று கேட்க அது மறந்துவிடுகிறது. இந்த இயல்பு சரிதானா? அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியைத் துடைத்து, மெருகேற்றி, காட்சிக்கு வைத்து, குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாமா? காட்டினால் அவர்களிடம் என்ன சொல்வது? இந்தக் கேள்விகளைச் சிந்திக்க நமக்கு உதவக்கூடிய ஓர் உண்மை வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவில் தொடங்கி, கான்பூரிலும் பெங்களூரிலும் திருப்பம் கொண்டு, மீண்டும் அமெரிக்காவின் சிறிய விமான நிலையங்களைச் சென்றடைந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு.

குப்பைமேட்டிலிருந்து வானுக்கு

இரண்டாம் உலகப் போரில் மிக அதிகமாக உற்பத்தி செய்யப்பட்ட அமெரிக்கப் போர் விமானம் பி-24. ‘லிபரேட்டர்’, அதாவது விடுதலை அளிப்பவன் என்பது அதற்குச் சூட்டப்பட்ட பெயர். சுமார் 18,500 விமானங்கள் கட்டப்பட்டன. 1944-இல் ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் தொழிற்சாலையில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் அவை வெளிவந்தன. நான்கு இயந்திரங்கள், சிறகின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 110 அடி, சுமார் 3,600 கிலோ எடையுள்ள குண்டுகளைச் சுமக்கும் திறன், உள்ளே ஏறத்தாழ 10 வீரர்கள்.

1944 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் உருவான ஒரு லிபரேட்டர், அதே ஆண்டில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டுக் கிழக்கே வந்தது. போர் முடிந்ததும், அதைப் போன்ற பல விமானங்களுடன் கான்பூரில் கைவிடப்பட்டது. இரவலாகப் பெற்ற ஆயுதங்களை ஒன்று திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே மறுபடி பறக்கக்கூடாது என்ற நோக்கத்துடனேயே அவை சேதப்படுத்தப்பட்டன. இயந்திரங்களுக்குள் மணல் கொட்டப்பட்டது. உடற்பகுதி இடித்து நசுக்கப்பட்டது.

சுதந்திரம் பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானங்கள் இல்லை. வாங்குவதும் எளிதாக இல்லை. அப்போது பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அந்தக் குப்பைமேட்டின் பக்கம் பார்வையைத் திருப்பியது. 1940-இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உடையது. அதன் தொழிலாளர்கள் கான்பூருக்குச் சென்று, சிதைந்து கிடந்தவற்றில் தேறியவற்றைத் தெரிந்தெடுத்தார்கள். ஒன்றிலிருந்து கழற்றியதை மற்றொன்றில் பொருத்தி, ஒருமுறை பறந்தால் போதும் என்ற அளவுக்குச் சீர்செய்தார்கள். தொழிற்சாலையின் விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட ஏறக்குறைய 40 விமானங்கள் இந்திய விமானப்படையில் சேர்ந்தன. 1948 நவம்பரில் ஐந்தாம் படைப்பிரிவு அவற்றைக் கொண்டே உருவாயிற்று. 1968 வரை அவை பறந்தன.

முடியாது என்று மற்றவர்கள் முடிவு கட்டியதைச் செய்துகாட்டிய கைகள் அவை. அந்தத் திறமையும் பொறுமையும் உழைப்பும் நம் வணக்கத்துக்கு உரியவை என்பதில் ஐயமில்லை.

இதன் பயன் வேறொரு வகையிலும் விளைந்தது. மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களை உருக்கிப் பாத்திரமாக்கிவிட்டன. பின்னாளில் அருங்காட்சியகங்கள் அவற்றைத் தேடியபோது, முழு உருவில் கிடைத்தவற்றுள் பல இந்தியாவில்தான் இருந்தன. லண்டனிலும், கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்கு இந்தியாவிலிருந்து லிபரேட்டர்கள் சென்றன. டெல்லி பாலத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று வைக்கப்பட்டது. நாம் முன்னர்க் கண்ட டெக்சாஸ் விமானம், 1981-இல் ஓர் ஆங்கிலேயச் சேகரிப்பாளரால் வாங்கப்பட்டு, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு இங்கிலாந்து சென்றது. பிறகு அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கிப் புதுப்பித்தது. 1989-இல் அது மீண்டும் வானில் எழுந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, சிறிய விமான நிலையங்களில் இறங்கி நின்றது. மக்கள் கட்டணம் செலுத்தி அதன் உள்ளே ஏறிப் பார்த்தார்கள்.

உள்ளே நுழைந்தவர் காண்பது

இவ்வகை விமானத்துக்குள் செல்பவர் முதலில் உணர்வது அதன் நெருக்கடியை. வெளியே இத்தனை பெரிதாகத் தெரியும் விமானத்தின் உள்ளே மனிதனுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் மிகக் குறைவு. குண்டுகள் அடுக்கப்படும் அறையின் நடுவே ஒரு சாண் அகலமே உள்ள நடைபாதை. அதன் மேல் பக்கவாட்டில் உடலைத் திருப்பித் திருப்பித்தான் நடக்க முடியும். காலுக்குக் கீழே உள்ள கதவுகள் திறந்தால் வெறும் ஆகாயம். விமானத்தின் தகடோ மிக மெல்லியது. இருபதாயிரம் அடி உயரத்தில், உறைய வைக்கும் குளிரில், பிராணவாயுக் குழாயை முகத்தில் பொருத்திக்கொண்டு, பல மணி நேரம் இளைஞர்கள் இதனுள் அமர்ந்திருந்தார்கள். பலர் இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆனவர்கள்.

அவர்களுள் பெருந்தொகையினர் வீடு திரும்பவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத்துறையில் மட்டும் 55,573 பேர் உயிரிழந்தனர். அந்த ஒடுங்கிய நடைபாதையில் நிற்பவர் இதை எண்ணினால் மனம் கனக்கும். அங்கே வந்த முதிய வீரர்கள் கண்கலங்கியது இயல்பே. பேரன் பேத்திகள் தங்கள் தாத்தா அமர்ந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பியதும் இயல்பே. புதுப்பித்தவர்களின் நோக்கமும் அதுதான். தியாகம் மறக்கப்படக்கூடாது என்பதே அவர்கள் கூறிய காரணம்.

ஆனால் அந்த விமானத்துக்குள் ஒன்று மட்டும் இல்லை. விமானி அமர்ந்த இடம் இருக்கிறது. துப்பாக்கி சுழன்ற கூண்டு இருக்கிறது. குண்டு தொங்கிய கொக்கி இருக்கிறது. குண்டு விழுந்த இடம் இல்லை. எவ்வளவு கவனமாகப் புதுப்பித்தாலும், ஓர் ஆயுதத்தின் ஒரு முனையைத்தான் மனிதனால் புதுப்பிக்க முடியும். மறுமுனை அழிந்துவிட்டது. அழிப்பதுதான் அதன் வேலை.

இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து நழுவும் குண்டு நிலத்தைத் தொட அரை நிமிடத்துக்கும் சற்று அதிகமாகிறது. அதற்குள் விமானம் முன்னே சென்றுவிடுகிறது. மேலே இருப்பவர் காண்பது சிறு புகைப் பொட்டு. பிறகு வீடு திரும்பும் வழி. கீழே இருப்பவர் விமானத்தின் முகத்தையே கண்டதில்லை. ஒரு செயலைச் செய்தவனும் அதை அனுபவித்தவனும் இவ்வளவு தூரத்தில் நிற்பது மனித வரலாற்றில் புதிது. வில்லும் வாளும் ஏந்தியவன் எதிரியின் கண்களைக் கண்டான். இங்கே கண்கள் சந்திப்பதில்லை.

கீழே இருந்தவர்கள்

அந்தக் கீழ்நிலத்தில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் நினைவுகூர வேண்டும்.

1942-இல் ஜப்பானிய ராணுவம், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் பாதையை அமைக்கத் தொடங்கியது. 1943 அக்டோபரில் அது முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் வதைக்கப்பட்டார்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். ‘மரண ரயில் பாதை’ என்ற பெயர் அதற்குப் பொருத்தமானதே.

அந்தப் பாதை வழியே சென்ற படைகளையும் தளவாடங்களையும் தடுக்க, இந்தியாவின் வங்காளப் பகுதியிலிருந்து புறப்பட்ட லிபரேட்டர் விமானங்கள் அதன் பாலங்களைத் தாக்கின. தாக்குதல் தேவைப்பட்டதுதான். அடிமைத்தளையைக் கட்டியவர்களைத் தோற்கடிக்காமல் தளை அறுந்திருக்காது. ஆயினும் பாலத்தின் அருகிலேயே கைதிகளின் முகாம்கள் இருந்தன. 1944 செப்டம்பரில் நொங் பிளாடுக் முகாமில் விழுந்த குண்டுகளால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். யாரை விடுவிக்க விமானம் வந்ததோ, அவர்கள் மீதே குண்டு விழுந்தது. ‘விடுதலை அளிப்பவன்’ என்ற பெயருக்குக் கீழே இருந்து பார்த்தால் வேறொரு பொருள் தோன்றுகிறது.

காஞ்சனபுரியில் உள்ள போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. பாதையோரம் புதைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கோ, பெயர் பொறித்த கல்லறைகள் கிடையா. அவர்களுக்காக ஒரு நடுகல் அங்கே நாட்டப்பட்டதே அண்மை ஆண்டுகளில்தான். விமானத்துக்கு அருங்காட்சியகம் உண்டு; விமானிக்குக் கல்லறை உண்டு; அந்தத் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. நினைவு என்பதும் உயரத்தில் இருப்பவர்களையே முதலில் தேடிச் செல்கிறது.

இரண்டு மறுப்புரைகள்

இங்கே சிந்தனையாளர் ஒருவர் கேட்கலாம்: ‘அந்தப் போர் அதர்மத்துக்கு எதிரான போர் அல்லவா? நாஜிகளையும் ஜப்பானிய ராணுவத்தையும் எதிர்த்தவர்கள் ஏன் வருந்த வேண்டும்?’

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தீமையைத் தடுக்க வலிமை தேவைப்படும் தருணங்கள் உண்டு என்பதை நம் மரபு மறுத்ததில்லை. ஆனால் ஒரு செயல் தேவையானது என்பதனால் அதன் துன்பம் இல்லாமல் போய்விடாது. ஒரு மருத்துவர் உயிரைக் காப்பதற்காகக் காலை வெட்டி எடுக்கிறார். அவர் செய்தது சரி. ஆனால் வெட்டிய காலைப் பற்றி அவர் பெருமை பேசினால், அவருடைய மருத்துவத்தில் ஏதோ குறை இருக்கிறது என்றே சொல்வோம். குற்ற உணர்வு வேறு, துயரம் வேறு. குற்றமற்றவனுக்கும் துயரம் கொள்ளும் கடமை உண்டு.

பகவத்கீதையின் தொடக்கக் காட்சியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். போர் தொடங்கும் முன் அர்ஜுனன் தன் தேரை இரு படைகளுக்கும் நடுவே நிறுத்தச் சொல்கிறான். யாருடன் போரிடப் போகிறோம் என்பதைக் காண விரும்புகிறான். கண்டவுடன் கலங்குகிறான். அந்தக் கலக்கம் அவன் தெளிவடையத் தடையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அவன் பார்க்காமலே அம்பு எய்திருந்தால் உபதேசத்துக்கு இடமே இருந்திருக்காது. எதிரே நிற்பவர்களின் முகங்களைக் கண்ட பிறகே அறத்தைப் பற்றிய கேள்வி பிறக்கிறது. குண்டுவீச்சு விமானம் மனிதனிடமிருந்து பறித்துக்கொண்டது இந்தப் பார்வையைத்தான். இரு படைகளுக்கும் நடுவே நிற்கும் தேர் அதற்கு இல்லை.

மற்றொருவர் வேறு திசையிலிருந்து கேட்கலாம்: ‘அப்படியானால் இந்த விமானங்களை உருக்கிவிடுவதே நல்லதல்லவா? எதற்காகக் கொலைக் கருவிகளுக்கு மெருகேற்ற வேண்டும்?’

உருக்கிவிட்டால் ஆயுதம் மறையும். ஆயுதம் செய்த மனம் மறையாது. மறதி அகிம்சை ஆகாது. கலிங்கப் போரில் வென்ற அசோகர் என்ன செய்தார்? அந்தப் போரை மறைக்கவில்லை. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் தங்கள் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டார்கள் என்று தம் கல்வெட்டில் பொறிக்கச் செய்தார். உலக வரலாற்றில் வென்றவர்கள் தங்கள் வெற்றியைக் கல்லில் பொறித்தது உண்டு. வென்றவரே தோற்றவர்களின் இழப்பை எண்ணி, அதற்காக வருந்துகிறேன் என்று கல்லில் பொறித்தது அரிதினும் அரிது. நினைவுச் சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே இலக்கணம். அதில் ஆயுதத்தின் இரண்டு முனைகளும் தெரிகின்றன.

ஆகவே விமானத்தைப் பாதுகாப்பது தவறன்று. அதை வியப்பதும் தவறன்று. பாதியைப் பார்த்துவிட்டு முழுவதையும் பார்த்ததாக எண்ணுவதே தவறு. வியப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. எதில் நாம் இன்பம் காண்கிறோமோ, அதை முழுமையாக அறியும் பொறுப்பும் நம்மைச் சேர்கிறது.

கீழே இறங்கிய ஒருவர்

இந்தப் பொறுப்பைத் தம் வாழ்க்கையாலேயே ஏற்றுக்கொண்ட ஒரு விமானி உண்டு. அவர் லெனார்டு செஷயர். நூறு முறை குண்டுவீசப் பறந்தவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையை 1944-இல் பெற்றவர். 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நாகசாகி மீது அணுகுண்டு விழுந்தபோது, பிரிட்டிஷ் அரசின் பார்வையாளராக ஒரு விமானத்தில் இருந்து அந்தக் காட்சியைக் கண்டவர்.

அதன் பிறகு அவர் என்ன செய்தார்? போரைக் கண்டித்து முழக்கமிடவில்லை. அணுகுண்டு போரை முடித்தது என்ற கருத்தையும் அவர் கைவிடவில்லை. ஆனால் 1948-இல், புற்றுநோயால் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த, போக்கிடமற்ற ஒரு மனிதரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தாமே குளிப்பாட்டி, உணவூட்டி, இறுதிவரை பணிவிடை செய்தார். அவரைத் தொடர்ந்து வேறொரு நோயாளி வந்தார். பிறகு பலர் வந்தார்கள். ஊனமுற்றோருக்கும் தீராத நோயுடையோருக்குமான செஷயர் இல்லங்கள் அப்படித்தான் பிறந்தன. 1950-களின் நடுவில் அவர் இந்தியாவுக்கு வந்தார். மும்பையில் முதல் இல்லம் எழுந்தது. பிறகு டேராடூன், சென்னை முதலான நகரங்களுக்கும் அந்தப் பணி பரவியது. 1992-இல் அவர் மறைந்தார்.

வானத்தில் நெடுந்தொலைவில் இருந்து மனிதர்களைப் புள்ளிகளாகக் கண்ட கண்கள், ஒரு கட்டிலின் அருகே ஒரு மனித முகத்தைக் கண்டன. அந்த இறக்கமே அவருடைய உண்மையான ஏற்றம். தாம் செய்தது சரியா, தவறா என்ற வாதத்தில் அவர் வாழ்நாளைக் கழிக்கவில்லை. மேலே இருந்தவன் கீழே இருப்பவனுக்குக் கடன்பட்டவன் என்பதை மட்டும் உணர்ந்தார். அந்தக் கடனைக் கைகளால் அடைத்தார். எல்லா உயிர்களிலும் தன்னையே காண்பது என்று நம் ஆன்றோர் கூறும் நிலை, ஏதோ குகையில் கண்மூடி அமர்ந்தவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு நோயாளியின் புண்ணைத் துடைக்கும் கையிலும் அது வந்து சேர்கிறது.

நம் கையில் உள்ள விமானங்கள்

‘நாம் குண்டு வீசவில்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு?’ என்று எண்ண வேண்டாம். தூரத்திலிருந்து செயல்பட்டு, விளைவைக் காணாமல் வாழ்வது இன்று எல்லோருடைய வாழ்க்கை முறையும் ஆகிவிட்டது.

முதலமடை மாம்பழம் வடநாட்டுச் சந்தைகளையும் கடல்கடந்த நாடுகளையும் சென்றடைகிறது. பூக்கும் பருவத்தில் தோப்புகளில் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. ஒருகாலத்தில் எண்டோசல்பான் என்ற நஞ்சும் இங்கே தெளிக்கப்பட்டது. அவ்வூர்க் குழந்தைகள் சிலரின் பிறவிக் குறைகளுக்கு அது காரணமாகுமோ என்ற வேதனையான கேள்வி எழுந்தது. கேரளத்தின் வடகோடியில், காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில், 2000-ஆம் ஆண்டு வரை பல ஆண்டுகள் அதே மருந்து ஹெலிகாப்டர் மூலம் வானிலிருந்தே தூவப்பட்டது. கீழே கிணறுகள் இருந்தன, பள்ளிக்கூடங்கள் இருந்தன, கருவுற்ற தாய்மார்கள் இருந்தார்கள். 2011-இல் உச்சநீதிமன்றம் அந்த மருந்தின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் நாடு முழுவதும் தடை செய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கக் கேரள அரசுக்கு ஆணையிட்டது.

அந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் யாரையும் வெறுக்கவில்லை. மருந்தை வாங்கிய அதிகாரி கொடியவர் அல்லர். முந்திரிப் பருப்பை உண்ட நாமும் ஒரு தீங்கையும் எண்ணவில்லை. எவரிடமும் பகைமை இல்லை. ஆயினும் துன்பம் விளைந்தது. பகைமையால் விளையும் தீமையைவிட, பார்க்காமையால் விளையும் தீமை அளவில் பெரியது. கோபத்தை அடக்கப் பழகிய சாதகர்கூட இந்தப் பார்க்காமையில் நெடுங்காலம் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். ஆகவே அகத்தூய்மையை நாடுபவர், ‘என் மனத்தில் யார் மீதும் பகை இல்லை’ என்று சொல்லி நின்றுவிடக்கூடாது. ‘என் செயல் எங்கே போய் விழுகிறது?’ என்றும் கேட்க வேண்டும்.

நம் சொற்களும் அவ்வாறே. ஒரு குடும்பத்தைப் பற்றி நாம் காற்றில் விடும் ஒரு வதந்தி எந்தக் கூரையின் மீது விழுகிறது என்று நாம் காண்பதில்லை. ஒரு கையொப்பத்தால் ஒருவருடைய ஓய்வூதியத்தை நிறுத்தும் அலுவலர், அந்த வீட்டின் அடுப்பைக் காண்பதில்லை. அலுவலகத்தின் மேசையும் ஒருவகை உயரம்தான்.

இதற்கு நம் மரபிலேயே ஒரு சாதனை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நாம் ஆயுதங்களையும் கருவிகளையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒருநாள் அவற்றைப் பயன்படுத்தாமல் வைக்கிறோம். அரிவாளும் லாரியும் தெளிப்பானும் கணக்குப் புத்தகமும் ஒரே வரிசையில் அமர்கின்றன. ஆயுத பூஜை என்பது ஆயுதத்தின் வலிமையைக் கொண்டாடும் நாள் மட்டுமாக இருந்தால், கருவியை ஏன் ஓய்வாக வைக்க வேண்டும்? ஓய்ந்திருக்கும் கருவியின் முன் அமர்ந்து, ‘சென்ற ஆண்டில் நீ யாருக்கு உதவினாய், யாரைக் காயப்படுத்தினாய்?’ என்று அதைப் பிடித்த கை தன்னையே கேட்டுக்கொள்வதற்கு அந்த ஒருநாள் நல்ல வாய்ப்பாகும். கருவிக்கு இடும் பொட்டுடன் இந்தக் கேள்வியையும் சேர்த்துவிட்டால் அந்தப் பூஜை நிறைவுபெறும்.

புதுப்பிக்கப்பட்ட விமானங்களின் பயணமும் என்றென்றும் தொடரவில்லை. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி, அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் மற்றொரு பழைய குண்டுவீச்சு விமானம், பி-17 ரகத்தைச் சேர்ந்தது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் விபத்துக்குள்ளாகி ஏழு பேர் உயிரிழந்தனர். பயணிகளை ஏற்றிச் செல்ல அந்த அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியை 2020-இல் அரசு திரும்பப் பெற்றது. உலோகத்தை எவ்வளவு பேணினாலும் ஒருநாள் அது ஓயும். பேண வேண்டியது வேறொன்று. அது நாளைய தலைமுறையின் பார்வை.

ஓர் அருங்காட்சியகத்திலோ விமான நிலையத்திலோ இப்படிப்பட்ட விமானத்தை நம் குழந்தைகள் காண நேரலாம். அவர்கள் ஆவலுடன் கேட்பார்கள்: ‘இது எவ்வளவு வேகமாகப் பறக்கும்? எத்தனை குண்டுகளைச் சுமக்கும்?’ தெரிந்த விடையை மகிழ்ச்சியுடன் சொல்வோம். கட்டியவர்களின் திறமையைச் சொல்வோம். பெங்களூர்த் தொழிலாளர்களின் பொறுமையைச் சொல்வோம். பறந்தவர்களின் துணிவைச் சொல்வோம். பிறகு, குழந்தையின் கையைப் பிடித்தபடி, விமானத்தின் வயிற்றுக்கு நேர் கீழே, நிழல் விழும் தரையில் சற்று நேரம் நின்று, மேலே பார்க்கச் சொல்வோம்.